பெயர் சொல்லாத ஜெபம்

அஸ்தினாபுரத்தில் ஞானஜோதி டீச்சரைத் தெரியாத கிறிஸ்தவ வீடு கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியதால் வந்த பெயர் அல்ல அது. அதையெல்லாம் ஊர் அவள் ஓய்வு பெற்ற மறுநாளே மறந்துவிட்டது. டீச்சர் ஜெபம் செய்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதுதான் காரணம். புது வீட்டுப் பிரதிஷ்டை, ஆஸ்பத்திரிக் கட்டில், விசா இன்டர்வியூ, பிளஸ் டூ ரிசல்ட், எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாஸ்டர் ஜெபித்தால் சீக்கிரம் முடிந்துவிடும், டீச்சர் ஜெபித்தால் சோறு ஆறிவிடும், ஆனால் மனசு நிறைந்துவிடும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு.

அவள் ஜெபத்தில் விவரம் இருக்கும். யாருக்குக் கிட்னியில் கல், இடது பக்கமா வலது பக்கமா, எந்த டாக்டர், ஆபரேஷன் என்றைக்கு, எல்லாம் வரும். ஆண்டவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வாசித்துக் காட்டுகிறாளோ என்று தோன்றும். கேட்கிறவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. நம்மை இத்தனை நுணுக்கமாக ஒருத்தர் நினைத்திருக்கிறாரே என்று அழுதவர்கள் உண்டு.

ஆனால் தனக்கென்று அவள் கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் காலையில் பால் பொங்குவதற்குள், அடுப்படியில் நின்றபடியே, 'ஞானத்தைத் தாரும்' என்பாள். "பேர்லயே இருக்கே, இன்னும் எதுக்கு?" என்பார் அவள் கணவர் ஏசுதாசன், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பது சபை வழக்கம். அந்த வருஷம் முழுக்க அதுதான் அவரவர்க்கு வந்த வாக்கு. இந்த வருஷம் ஞானஜோதிக்கு வந்தது, நாவைக் காத்துக்கொள்ளச் சொல்லும் வசனம். படித்துப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்கு வந்திருக்க வேண்டியது" என்று அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டாள். ஏசுதாசன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்குப் பண்டிகை. அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சபை முழுக்க அவளை 'டீச்சர்' என்று கூப்பிடும்போது, 'அக்கா' என்று கூப்பிடுகிறவள் ஒருத்தி உண்டு. அடுத்த தெரு எப்சி. கணவன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். ஒரே மகள் அபிகாயில், கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலை. கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஞானஜோதிக்கு அந்த 'அக்கா' என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எப்சி அவளை கோயில் சுவரோரமாகக் கூட்டிப்போனாள். அபிகாயிலுக்கு வரன் கூடி வந்திருந்தது சபைக்கே தெரியும். பையன் ஜெஃப்ரி, சேலையூர்க்காரன், நல்ல பிள்ளை. மாதக் கடைசியில் நிச்சயம்.

"அக்கா, ஒரு விஷயம். அவ அப்பா போனப்ப இவ ரொம்ப ஒடஞ்சு போயிட்டா. ஆறு மாசம் வேலைக்கே போகல. மனநல டாக்டர்கிட்டதான் காட்டினோம். இப்போ நல்லா இருக்கா, ஆனா ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கிறா. இது எனக்கும் எங்க அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும்."

"இதுல என்ன இருக்கு எப்சி? சர்க்கரைக்கு மாத்திரை போடலியா நாம?"

"நாம சொல்லலாம்க்கா. பையன் வீட்டுல என்ன சொல்லுவாங்களோ. சனிக்கிழமை ஜெஃப்ரியப் பாத்து தானே சொல்றேங்கிறா. நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லியாகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எனக்குத்தான் பயமா இருக்கு. ஜெபத்துல வெச்சுக்கோங்கக்கா. வெளியில விட்டுடாதீங்க."

"என் வாயிலேர்ந்து வருமா?" என்றாள் ஞானஜோதி. அதை உண்மையாகத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் உபவாச ஜெபம் அவள் வீட்டு ஹாலில்தான். அந்த வெள்ளிக்கிழமை எப்சிக்கு கிளினிக்கில் லீவு கிடைக்கவில்லை. லாசரஸ் வீட்டம்மா, தனக்குத் தெரிந்தவர் என்று ஒரு புது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பாட்டு முடிந்தது, வேத பாடம் முடிந்தது, ஜெபக் குறிப்புகளும் வாங்கியாயிற்று. கடைசியில் வழக்கம்போல் டீச்சர் முழங்காலிட்டாள். எல்லோரும் முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஜெபம் நன்றாக வந்தது. நன்றாக வருகிறது என்பது அவளுக்கே தெரிந்தது. விபத்து அங்கேதான் ஆரம்பித்தது. நோயாளிகள் முடிந்து, வேலை தேடுகிறவர்கள் முடிந்து, குரல் தழதழத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனது.

"தகப்பனே, தகப்பனை இழந்த ஒரு மகளை உம்முடைய சமுகத்திலே வைக்கிறோம். பேர் சொல்ல வேண்டியதில்லை, நீர் அறிந்திருக்கிறீர். கேளம்பாக்கத்திலே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகள். மாதக் கடைசியிலே நிச்சயம் வைத்திருக்கிறார்கள் ஆண்டவரே. அந்தப் பிள்ளையின் மனசு பட்ட பாடு உமக்குத் தெரியும். மாத்திரை இல்லாமல் அவளுக்கு ராத்தூக்கம் இல்லை என்பதும் உமக்குத் தெரியும். பையன் வீட்டார் இதை அறியவரும்போது அவர்கள் இருதயத்தை நீரே இளகப் பண்ணும்..."

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஹாலே முனகியது. இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஆண்டவருக்கு அட்ரஸ் தேவைப்படாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் தெருவையும் கதவு எண்ணையும் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: சனிக்கிழமை அந்தப் பெண் தானே போய் வாய்திறந்து சொல்லப்போகிறாள் என்பது. ஜெபத்தின் ஓட்டத்துக்கு அது ஒத்துவரவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அந்தப் புது அம்மா மட்டும் எழுந்து நின்றிருந்தார். டீ வேண்டாம், கேசரியும் வேண்டாம், நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

"யாரு இவங்க?" என்று ஞானஜோதி கேட்டாள்.

"சேலையூர்க்காரங்க டீச்சர். நம்ம அபிகாயிலுக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை இல்ல, அவருக்குச் சித்தி" என்றார் லாசரஸ் வீட்டம்மா, கேசரித் தட்டை எடுத்தபடி.

 ஞானஜோதியின் கையில் கேசரிக் கரண்டி அப்படியே நின்றது. பேர் சொல்லவில்லையே, பேர் சொல்லவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மற்றவர்களுக்குப் பரிமாறினாள். கேளம்பாக்கத்தில் ஆயிரம் பெண்கள் வேலை செய்கிறார்கள். அதில் தகப்பன் இல்லாத பெண்கள் நூறு பேராவது இருப்பார்கள். மாதக் கடைசியில் நிச்சயம் வைத்திருக்கிறவர்கள் என்று கணக்குப் போட்டபோது, அவளாலேயே மேற்கொண்டு போக முடியவில்லை.

சனிக்கிழமை அபிகாயில் ஜெஃப்ரியைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டிலிருந்து போன் வந்தது. கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். பிறகு, வேண்டாம் என்றார்கள்.

எப்சி அழுதுகொண்டே வந்து ஞானஜோதியின் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரோ சொல்லியிருக்காங்கக்கா. மாத்திரை விஷயம் தெரிஞ்சுதான் வேணாங்கிறாங்க. தெரிஞ்சது மூணே பேருக்கு. நான் சொல்லல. நீங்க சொல்ல மாட்டீங்க. அப்ப வேற யாரு? எங்க அண்ணிதான்."

எப்சியின் அண்ணி என்பது செத்துப்போன கணவனின் அக்கா, சுகிர்தம். பெருங்களத்தூரில் புது அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருக்கிறார். அபிகாயிலை டாக்டரிடம் கூட்டிப்போனதும், பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். எப்சியால் அப்போது எழுந்து நிற்கவே முடியாத நிலை.

அந்த இடத்தில் 'நான்தான்' என்று ஒரு சொல் போதும். ஞானஜோதியின் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"பொறுமையா இரு எப்சி. யாருன்னு தெரியாம வார்த்தைய விடாத. நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாது."

வகுப்பில் முப்பது வருஷம் சொன்ன பழமொழி. நல்ல புத்திமதிதான். தப்பு அதைச் சொன்ன வாயில் இருந்தது. எப்சி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஞானம் எனக்கு வராதுக்கா" என்றாள். அன்று சாயங்காலமே சுகிர்தத்துக்குப் போன் போட்டு, இனி என் வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க என்று சொல்லிவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஞானஜோதிக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை. பால் பொங்குவதற்குள் ஞானம் கேட்கிற ஜெபம் நின்றுபோனது. அடுப்படியில் பேசாமல் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வேறொருத்தரை ஜெபிக்கச் சொன்னாள். எல்லோரும் மிளகுக் கஷாயம் போடச் சொன்னார்கள். லாசரஸ் வீட்டம்மா பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டபோது தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஏசுதாசன் நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்டைக்கு என்ன?" என்றார்.

"கட்டிக்கிச்சு."

அவர் இன்னொரு நாற்காலியை மடக்கினார். "அன்னிக்கு நான் உள் ரூம்ல ஃபேன் போட்டுட்டுப் படுத்திருந்தேன். எனக்கே யாருன்னு புரிஞ்சுது."

அவ்வளவுதான். மிச்ச நாற்காலிகளையும் மடக்கிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டுக் கொஞ்சம் ஆறியிருக்கலாம்; அவர் அதற்கும் வழி விடவில்லை. அவர் சட்டைப் பையில் அந்த வசன அட்டையின் ஓரம் தெரிந்தது. அதைத் திருப்பிக் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

முதலில் பெண்ணிடம் சொல்லிவிடுவோம், பிறகு தாயிடம் என்று முடிவு செய்துகொண்டு, ஒரு சாயங்காலம் குரோம்பேட்டையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். ஜி.எஸ்.டி. ரோடு இரைந்துகொண்டிருந்தது. அபிகாயில் இறங்கி, கழுத்து ஐ.டி. கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தவள், இவளைப் பார்த்ததும் நின்றாள்.

"அபி, நான் ஒண்ணு சொல்லணும்மா."

"தெரியும் ஆன்ட்டி."

"என்ன தெரியும்?"

"ஜெஃப்ரி அன்னிக்கே போன் பண்ணி சொல்லிட்டார். அவங்க சித்தி ஒரு ஜெபத்துல கேட்டாங்களாம். அஸ்தினாபுரத்துல வெள்ளிக்கிழமை ஜெபம் வேற யாரு வீட்டுல நடக்குது?"

 ஞானஜோதி பக்கத்து ஜூஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"மாத்திரைக்காக அவர் வேணாம்னு சொல்லல ஆன்ட்டி" என்றாள் அபிகாயில். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "நான் மறைச்சேன்னு நெனச்சுட்டார். நாளைக்கே சொல்றதா இருந்தேன்னு சொன்னேன். மாட்டிக்கிட்ட பிறகு எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னார். ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு சொல்லிப் பாத்திருந்தேன். எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு. சொல்றதுக்கே இல்லாம போச்சு."

"அம்மாகிட்ட ஏம்மா சொல்லல?"

"அம்மாவுக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான் ஆன்ட்டி. கல்யாணம்தான் போச்சு. நீங்களும் போயிட்டா அவங்க யார்கிட்ட போய் அழுவாங்க?" ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "நீங்களும் சொல்லாதீங்க. சுகிர்தம் அத்தை பொறுத்துப்பாங்க. அவங்க அப்படித்தான்."

ஆட்டோ போனது. ஞானஜோதிக்கு அந்த நொடியில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா, சொல்ல வேண்டாம், பெண்ணே சொல்ல வேண்டாம் என்றுவிட்டாள் என்ற நிம்மதி. வீடு போய்ச் சேருவதற்குள் அதை உணர்ந்து வெட்கினாள். பாதிக்கப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு எல்லோரையும் காப்பாற்றுகிறாள். கெடுத்தவள் அந்த நிழலில் ஒதுங்கி நிற்கப் பார்க்கிறாள்.

அந்த மாதத்திலேயே எப்சியின் கணவருக்கு நினைவு நாள் வந்தது. வீட்டில் ஜெபம் வைத்து, பிரியாணியும் சொல்லியிருந்தாள். ஹால் நிறைய ஆட்கள். ஞானஜோதி உள்ளே நடு நாற்காலியில் உட்கார்த்திவைக்கப்பட்டாள். எல்லோரும் வந்த பிறகு, கேட் பக்கம் சுகிர்தம் வந்து நின்றார். கையில் தம்பி படத்துக்குப் போட ஒரு மாலை. எப்சி பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை, நாலு பேர் இருந்ததால். சுகிர்தம் மாலையை வாசலில் நின்ற பையன் கையில் கொடுத்துவிட்டு, செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மாலை உள்ளே வந்தது. அவர் வரவில்லை.

பொறுத்துப்பாங்க என்று அபிகாயில் சொன்னது எப்படியிருக்கும் என்பதை ஞானஜோதி கண்ணால் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள் எப்சி.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஞானஜோதி எழுந்து நின்றாள். பாவியாகிய என்னைப் பாரும் ஆண்டவரே என்று ஆரம்பித்து, எல்லோர் முன்னாலும் அழுது கொட்டிவிட்டால் என்ன? வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன. கேட்பவர்கள் உருகிப்போவார்கள். டீச்சருக்கு எப்பேர்ப்பட்ட தாழ்மை என்று வீட்டுக்கு வீடு பேசுவார்கள். கூடவே, அன்று வெள்ளிக்கிழமை கேட்ட சில பேர் மட்டும் ஊகித்திருந்த அந்தப் பெண்ணின் மாத்திரையையும் வீட்டுக்கு வீடு பேசுவார்கள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, இந்த வீட்டோடு இரும். ஆமென்" என்றாள்.

தலை குனிந்தவர்கள் இன்னும் வரும் என்று அப்படியே இருந்தார்கள். வரவில்லை என்று தெரிந்து ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். அவள் அதற்குள் எப்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். கதவைச் சாத்தினாள்.

"எப்சி, உங்க அண்ணி யார்கிட்டயும் சொல்லல. நான்தான். வெள்ளிக்கிழமை ஜெபத்துல சொல்லிட்டேன். பேர் சொல்லல, ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி சொன்னேன். மாப்பிள்ளையோட சித்தி அங்க இருந்தாங்க. நீ வந்து அழுதப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சே பேசாம இருந்தேன்."

அடுத்து என்ன சொல்வது என்று தேடவில்லை. மன்னித்துவிடு என்றுகூடக் கேட்கவில்லை. அதைக் கேட்டால் அவளிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்குவதாக இருக்கும் என்று பட்டது.

எப்சி தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வார்த்தைய விடாதன்னு எனக்குச் சொன்னீங்க" என்றாள். "நான் போய் எங்க அண்ணிய என்னென்ன பேசினேன் தெரியுமா? பிள்ளை இல்லாதவங்களுக்குப் பிள்ளை அருமை தெரியாதுன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லாம போன வெச்சாங்க."

கதவு திறந்தது. அபிகாயில் நின்றிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஏன் ஆன்ட்டி சொன்னீங்க?" என்று கேட்கிற பார்வை ஒன்று பார்த்தாள், பிறகு தன் தாயின் தோளில் கை வைத்தாள். எப்சி அந்தக் கையை விலக்கிவிட்டு, ஹாலைக் கடந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க வாசலுக்குப் போனாள். செருப்புகளுக்கு நடுவே வெறும் காலோடு நின்று, சுகிர்தத்தின் இரண்டு கையையும் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அண்ணியை உள்ளே கூட்டிவந்து, நடு நாற்காலியில், சற்றுமுன் ஞானஜோதி எழுந்த அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். சுகிர்தம் தம்பி படத்தைப் பார்த்து அழுதார்.

பந்தி நடந்தது. ஞானஜோதி சுவரோரம் நின்று, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினாள். அப்போது எப்சி தட்டோடு வந்தாள். தட்டில் பிரியாணி, ஓரத்தில் முட்டை, மேலே ஒரு ஸ்பூன். எப்போதும் வைக்கிற அதே மாதிரி நிறையத்தான் வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. கிளினிக்கில் வருகிறவர்களைப் பார்க்கிற முகம் அது.

"சாப்பிட்டுட்டுப் போங்க, டீச்சர்" என்றாள்.